பழையாற்றில் மகளுடன் காலா மீன் பிடிக்கப் போன இரண்டு சனிக்கிழமைகள்

மயிலாடுதுறையிலிருந்து ஒன்பது வயது மகளை அழைத்துக்கொண்டு கொள்ளிடத்து முகத்துவாரத்தில் உள்ள பழையாறு மீன்பிடித் துறைக்குப் போய், ஃபைபர் படகில் ஏறித் தூண்டில் போட்டு வரும் பயணத்தை இந்தத் தையிலும் மாசியிலும் இரண்டு முறை மேற்கொண்டோம். படகு ஒரு மீனவர் குடும்பத்துக்குச் சொந்தமானது. அதற்கு நிறுவனப் பெயரோ பலகையோ கிடையாது. தெரிந்தவர் வழியாகத் தொலைபேசியில் பேசித்தான் நாள் குறிக்க வேண்டும். குறையையும் சேர்த்து எழுதுவதால் அந்தக் குடும்பத்தின் பெயரை இங்கே தரவில்லை. கொள்ளிடத்து முகத்துவாரத்திலோ தரங்கம்பாடியிலோ நாகப்பட்டினத்திலோ இப்படிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல நினைக்கும் பெற்றோர், எந்தப் படகாக இருந்தாலும் அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆசை வந்தது சால்மன் மீனால். என் தம்பி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேலை செய்கிறான். சென்ற கோடையில் அவன் தன் மகனை வெஸ்ட்போர்ட் என்ற துறையிலிருந்து பசிபிக் கடலுக்குள் சால்மன் பிடிக்க அழைத்துப் போனான். பையன் தன் கை நீளத்துக்கு ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு நின்ற படத்தைப் பார்த்ததிலிருந்து என் மகளுக்கும் சால்மன் வேண்டும் என்றாகிவிட்டது. சால்மன் வடக்குப் பசிபிக்கிலும் வடக்கு அட்லாண்டிக்கிலும் உள்ள குளிர்ந்த நீரின் மீன், நம் வங்கக் கடலில் அது இல்லை என்று சொன்னேன். அடுத்த வாரமே அவள் ஒரு மீன்கடையின் குளிர்பெட்டியில் "இந்தியன் சால்மன்" என்று எழுதிய சீட்டைக் காட்டி, நான் தவறாகச் சொல்லிவிட்டதாக வாதாடினாள். சீட்டுக்குப் பின்னால் இருந்தது நம் காலா மீன். வியாபாரத்தில் அப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, காலாவுக்கும் சால்மனுக்கும் உறவு கிடையாது. சால்மனின் சதை இளஞ்சிவப்பு, காலாவினுடையது வெள்ளை. சால்மன் தெளிந்த குளிர்நீரில் வாழ்வது. காலாவோ கரையோரக் கலங்கல் நீரையும் முகத்துவாரச் சேற்றையும் விரும்புவது. இதையெல்லாம் விளக்கிய பிறகு, "அப்படியானால் காலாவையே பிடிப்போம்" என்று முடிவானது. இப்போது யோசித்தால், குழந்தையின் ஆசையைப் பக்கத்துக் கடலுக்குத் திருப்பிவிட்ட அந்தப் பிழையான சீட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தொலைபேசியில் படகுக்காரர் கேட்ட கேள்விகளே அவர்மேல் எனக்கு மதிப்பை உண்டாக்கின. எத்தனை பேர், என்ன கொடுப்பீர்கள் என்று அவர் தொடங்கவில்லை. பிள்ளைக்கு என்ன வயது, எவ்வளவு எடை, நீச்சல் தெரியுமா, பேருந்தில் போனால் வாந்தி எடுப்பாளா, சொன்னால் கேட்டு ஓரிடத்தில் உட்காருவாளா என்று வரிசையாகக் கேட்டார். நாங்கள் முதலில் குறித்த சனிக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை அவரே அழைத்து, "காத்து சரியில்ல சார், பெரியவங்கன்னா பாத்துக்கலாம், புள்ளைய வச்சிக்கிட்டு வேணாம்" என்று சொல்லி, நாங்கள் அனுப்பியிருந்த முன்பணத்தை அன்று மாலையே திருப்பி அனுப்பினார். அந்த வாரம் மற்றப் படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஒருநாள் வருமானத்தை ஒரு குழந்தைக்காக வேண்டாம் என்று விடுகிற படகுக்காரர் கிடைத்தால், மற்ற குறைகளைப் பேசிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

கட்டணம் ஐந்து மணி நேரத்துக்கு 4,500 ரூபாய். அதில் எரிபொருள், தூண்டில், இரை, பனிக்கட்டி எல்லாம் அடங்கும். படகில் எங்கள் குடும்பத்தைத் தவிர வெளியார் யாரையும் ஏற்றவில்லை. ஓட்டுபவராக அவரும், உதவிக்கு அவருடைய அண்ணன் மகனும் வந்தார்கள். நான், என் மனைவி, மகள் மூவருக்கும் சேர்த்து இது நியாயமான தொகை. மீனவர்கள் தொழிலுக்குப் போகும் படகு இது. சுற்றுலாப் படகைப் போல இருக்கையோ கூரையோ இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. விருந்தாளியாக ஏறுபவர்களுக்கென்று காப்பீடு ஏதும் தன்னிடம் இல்லை என்பதை, நான் கேட்டவுடன் அவர் மறைக்காமல் சொன்னார். படகில் மீன்வளத் துறையின் பதிவு எண் எழுதியிருந்தது. நாங்கள் வருவதை ஊர்ப் பஞ்சாயத்தில் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் பெயர்களைக் கடலோரக் காவல் நிலையத்திலும் கொடுத்தார். அந்த நிலையத்தில் நீங்களே நேரில் விசாரித்து, இப்படிப் போகலாமா என்று கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

இனி, குறை. குழந்தைக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று தொலைபேசியில் இரண்டு முறை கேட்டிருந்தேன். இருக்கிறது என்றே சொன்னார். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் துறையில் அவர் எடுத்துக் காட்டியது, பெரியவர்கள் அணியும் ஆரஞ்சு நிற அங்கி. அதை மகளுக்கு மாட்டி வார்களை இறுக்கியபோதும், தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கினால் அது அவள் காதுவரை ஏறியது. தண்ணீரில் விழுந்தால் அங்கி மிதக்கும், குழந்தை அதற்குள்ளிருந்து கீழே நழுவிவிடும். அவர் ஒரு கயிற்றைக் கால்களுக்கு இடையே விட்டுக் கட்டிப் பார்த்தார். அவருடைய பிள்ளைகள் அங்கியே இல்லாமல் இந்தத் தண்ணீரில் வளர்ந்தவர்கள் என்பதால், அது போதும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். எனக்குப் போதவில்லை. முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டாம், ஆற்றுக்குள்ளேயே கரையை ஒட்டி இருப்போம் என்று சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை, வாதாடவும் இல்லை. கட்டணத்தில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டார். ஆனாலும் இந்தப் பிழையை நான் சிறியதாக எண்ணவில்லை. குழந்தைகளை ஏற்றுவதாகச் சொல்கிற படகில் குழந்தை அளவு அங்கி குறைந்தது இரண்டு இருந்தே ஆக வேண்டும். என் தம்பி இருக்கும் நாட்டில், ஓடிக்கொண்டிருக்கும் படகின் திறந்த தளத்தில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அங்கி அணிந்தே இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே நாம் பெற்றோர்தான் அந்த விதியை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆற்றுக்குள் கழித்த அந்த முதல் சனிக்கிழமை வீணாகவில்லை. உண்மையில், முதல் முறை போகும் பிள்ளைக்கு இதுவே சரியான தொடக்கம் என்று இப்போது நினைக்கிறேன். கொள்ளிடம் கடலில் சேரும் அந்தப் பரப்பில் நீர் அகன்று, அலையின்றிக் கிடந்தது. வடக்கே பிச்சாவரத்துப் பக்கம் அலையாத்தி மரங்கள் கோடு போட்டதுபோல் தெரிந்தன. படகுக்காரர் மகளிடம் கழியும் சக்கரமும் உள்ள கடைத் தூண்டிலைக் கொடுக்காமல், மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி என்ற நைலான் நரம்பைக் கொடுத்தார். நுனியில் ஈயக்குண்டு, அதற்குச் சற்று மேலே ஒற்றைக் கொக்கி, அதில் உயிருள்ள சிறு இறால். ஈயம் சேற்றைத் தொட்டதும் நரம்பை ஒரு சாண் மேலே இழுத்து, ஆள்காட்டி விரலின் மேல் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "பாப்பா, இப்ப தண்ணி இழுக்குது. அது மெத்துன்னு இருக்கும். மீனு தட்டுனா வெடுக்குன்னு இருக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியிற வரைக்கும் இழுக்காத." அரை மணி நேரம் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்காத பிள்ளை. கழியிலும் சக்கரத்திலும் இந்த நுண்மை கைக்கு வருவதற்கு வெகு நாளாகும். குழந்தைக்குக் கைத்தூண்டிலே ஏற்றது என்ற அவருடைய முடிவை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன்.

கொக்கியைப் பற்றி ஒரு வேண்டுகோள் வைத்தேன். தம்பி சொல்லியிருந்தான்: அவர்கள் பக்கத்துக் கடலில் சால்மனுக்குப் போடும் கொக்கியில், மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் அந்தச் சிறு எதிர்முள் இருக்கக் கூடாது, விடவேண்டிய மீனைக் காயமில்லாமல் விடுவதற்காக அந்த ஏற்பாடு. பிள்ளைகளுடன் போகிறவர்களுக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு. கொக்கி விரலில் ஏறிவிட்டால், எதிர்முள் இல்லாதது வந்த வழியே வெளிவந்துவிடும். இதைச் சொன்னதும் படகுக்காரர் குறடை எடுத்து, மகளின் கொக்கியில் இருந்த எதிர்முள்ளை நசுக்கிச் சமமாக்கிக் கொடுத்தார். மீன் ஒன்றிரண்டு தப்பும் என்று மட்டும் எச்சரித்தார்.

முதலில் ஏறியது கெளுத்தி. அவள் மகிழ்ச்சியில் கையை நீட்டுவதற்குள் அவர் "தொடாத!" என்று அதட்டினார், அந்தக் காலையில் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு முறைதான். கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள். குத்தினால் நஞ்சேறிக் கடுமையாக வலிக்கும். ஈரச் சாக்கால் மீனை அமுக்கி, குறடால் முட்களை ஒடித்துவிட்டுத்தான் கொக்கியைக் கழற்றினார். மீன்முள் நஞ்சு வெப்பத்தில் சிதையும் தன்மை உடையது. அதனால் குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் அமிழ்த்தி வைப்பதே முதலுதவி. குழந்தையின் தோலைச் சூடு பொசுக்கிவிடாதபடி, நீரைப் பெரியவர் தம் கையால் சோதித்துவிட்டு அமிழ்த்த வேண்டும். பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு குடுவையில் வெந்நீர் எடுத்துப் போங்கள். எங்களுக்குத் தேவைப்படவில்லை, ஆனால் அது படகில் இருந்ததால் மனம் அமைதியாக இருந்தது. அன்று மூன்று கெளுத்தியும் இரண்டு கிழங்கானும் கிடைத்தன. காலா கிடைக்கவில்லை.

இரண்டாம் பயணத்துக்கு முன் குழந்தை அளவு அங்கி ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கி வரச் செய்தேன். பிள்ளைகளின் அங்கியை வயதைப் பார்த்து வாங்கக் கூடாது, எடையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மகள் 26 கிலோ. அதில் 50, 100, 150 என்று நியூட்டன் அளவு எழுதியிருக்கும். 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் கரையோரத்தில் அணிவது. மயங்கியவரை முகம் மேலே இருக்கும்படி அது திருப்பாது. நீந்தத் தெரியாத பிள்ளைக்குக் குறைந்தது 100 வேண்டும். தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டியும், கால்களுக்கு இடையே போகும் வாரும், ஒரு ஊதலும் இருக்க வேண்டும். வாங்கியதும் அவளுடைய நீச்சல் பயிற்சிக் குளத்தில் அணிவித்து மிதக்கவிட்டுப் பார்த்தோம். இப்படிப் பழக்காமல் நேராகப் படகில் மாட்டினால், கழுத்து உறுத்துகிறது என்று பிள்ளை பாதி வழியில் கழற்றச் சொல்லி அடம்பிடிக்கும்.

மாசி மாதம் போனது கடலுக்கே. வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பையும் முதல்நாள் இரவே பார்த்திருந்தேன். படகுக்காரர் அவற்றையும் பார்த்திருந்தார். ஆனால் முடிவெடுத்தது முகத்துவாரத்தில் நின்றுதான். நம் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் அது ஒரு பொருட்டில்லை என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. தண்ணீர் இறங்கும் நேரத்தில் ஆற்றிலிருந்து வெளியே ஓடும் நீர், எதிரே வரும் கடலலையோடு மோதி, மணல் திட்டின்மேல் அலையைச் செங்குத்தாக எழுப்பிவிடும். அந்த நேரத்தில் தாண்டினால் படகின் முன்பகுதியான அணியம் தூக்கி அடிக்கும். ஆகவே, தண்ணீர் ஏறும் நேரமாகப் பார்த்துத்தான் அவர் புறப்படும் மணியைக் குறித்திருந்தார். திட்டுக்கு இப்பால் எஞ்சினைத் தணித்து, பத்து நிமிடம் பேசாமல் அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போன பின் சற்று ஓய்வு வந்தது. அந்த இடைவெளியில் ஒரே வீச்சில் தாண்டினார். மகளை அவர் அணியத்தில் உட்காரவிடவில்லை. படகின் பின்பகுதியான அமரத்துக்குச் சற்று முன்னால், படகின் நடுக்கோட்டில், என் மனைவியின் கால்களுக்கு இடையே தரையில் உட்கார வைத்தார். படகில் ஆட்டம் குறைவாகத் தெரியும் இடம் அது. தலைசுற்றல் வராமல் இருந்ததற்கு அந்த இடமும், தொடுவானத்தையே பார்க்கச் சொன்னதும், இரண்டு மணி நேரம் முன்பே எண்ணெய் இல்லாமல் இரண்டு இட்லியோடு நிறுத்தியதும் காரணம் என்று நினைக்கிறேன். என் மனைவிதான் சிறிது நேரம் அவதிப்பட்டாள்.

கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே, நாலு பாகம், அதாவது ஏறக்குறைய ஏழு மீட்டர், ஆழத்தில் நங்கூரம் போட்டார். ஏழரை மணிக்குக் காலா பிடித்தது. பெரியது ஒன்றுமில்லை, முக்கால் கிலோ இருக்கும். ஆனால் அது கெளுத்தியைப் போலக் கனமாகத் தொங்கவில்லை. பக்கவாட்டில் பாய்ந்து, ஒரு முறை நீருக்கு மேலே உடலைக் காட்டி, மறுபடி ஓடியது. மகள் கையில் துணியுறை மாட்டியிருந்ததால் நரம்பு அறுக்கவில்லை. படகுக்காரர் அவள் கையைத் தொடவே இல்லை. பின்னால் குந்தியபடி, "விடு, விடு, இப்ப வாங்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மீன் அவளுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அக்கறை என்னை நெகிழ வைத்தது. நானாக இருந்தால் பயத்தில் பிடுங்கி இழுத்திருப்பேன்.

மீனைப் பனிப்பெட்டியில் போடுவதற்கு முன் அவர் காட்டிய பாடத்துக்காகவே இந்தப் பயணத்தை நான் பரிந்துரைப்பேன். காலாவின் வாய் மூக்குக்குக் கீழே உள்ளே தள்ளி இருக்கிறது. கண்ணின் மேல் கொழுப்பாலான கண்ணாடி போன்ற ஒரு படலம். பக்கத் துடுப்புக்குக் கீழே, பக்கத்துக்கு நான்காக, நூல்போன்ற இழைகள் தனியே தொங்குகின்றன. கலங்கிய நீரில் கண்ணைவிட இந்த இழைகளே அதற்கு உதவுகின்றன. சேற்றைத் தடவி இறாலைக் கண்டுபிடிப்பது இவற்றால்தான். தன் ஆள்காட்டி விரலில் நரம்பைத் தொங்கவிட்டுக் காத்திருந்ததை மகள் உடனே அதோடு சேர்த்துப் பார்த்தாள்: "அதுவும் என்னை மாதிரி விரலாலதான் பாக்குதா, மாமா?" பெரிய காலா என்றால் பெரும்பாலும் சினை இருக்கும், சிறியதில் இருக்காது என்று அவர் சொன்னார். காலா ஆணாக முதிர்ந்து, மேலும் வளர்ந்த பின் பெண்ணாக மாறும் மீன் என்பது கடலியல் படித்தவர்கள் சொல்லும் உண்மை, கொடுவாவும் அப்படித்தான். படிக்காமலே அவர் அதைக் கத்தியின் நுனியில் கண்டு வைத்திருக்கிறார்.

இரண்டாவது காலா ஏறி, மூன்றாவது தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எட்டரை மணிக்கு, அவர் நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வானம் தெளிவாக இருந்தது; தண்ணீரின் நிறம் மட்டும் கிழக்கே சற்றுக் கறுத்து, சிறு சிறு முறிவுகள் தெரிந்தன. காற்று எழுகிறது, தண்ணீர் இறங்கத் தொடங்குவதற்குள் திட்டைத் தாண்டிவிட வேண்டும் என்றார். ஒப்புக்கொண்ட நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. மகள் அழுதாள்; இன்னும் ஒரே ஒரு முறை என்று கெஞ்சினாள். அவர் அவளிடம் பொய்ச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "மீனு நாளைக்கும் இருக்கும் பாப்பா. இந்த வழி இன்னும் ஒரு மணி நேரத்துல இருக்காது" என்றார். உள்ளே வந்து, ஆற்றில் மீதி நேரத்தைக் கழித்தோம். பத்து மணிக்கு முகத்துவாரத்தைத் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் வந்த வழியில் வெள்ளையாக அலை முறிந்துகொண்டிருந்தது. அவளைக் கரையில் நிறுத்தி அதைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றுக்குள் இருந்தபோது அவள் கேட்ட ஒரு கேள்வியைக் குறிப்பிட வேண்டும். சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் என்று தம்பி மகன் சொல்லியிருந்தான். நம் ஆற்றுக்குத் திரும்பி வரும் மீன் இல்லையா என்று கேட்டாள். காலாவின் குஞ்சுகள் முகத்துவாரத்துக்குள் வந்து வளரும், ஆனால் அது முட்டையிட ஆற்றில் ஏறாது. ஆனால் உல்லம் என்று ஒரு மீன் உண்டு. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன். ஆற்றில் வெள்ளம் வரும்போது கடலிலிருந்து காவிரியிலும் கொள்ளிடத்திலும் எதிரேறிப் போய் முட்டையிட்ட மீன் அது. 1836 வாக்கில் அணைக்கரையில் கீழணையும், 1934-இல் மேட்டூர் அணையும் எழுந்த பிறகு அதன் வழி அடைபட்டது. தன் தாத்தா உல்லத்தைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பதாகவும், தன் கையால் ஆற்றில் பிடித்ததில்லை என்றும் படகுக்காரர் சொன்னார். நம் வயலுக்கு நீர் தந்த அணைகள்தான் அவை. ஆனாலும் இதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகில் கழிப்பறை இல்லை. பெண்பிள்ளையோடு போகிறவர்கள் இதை முன்பே யோசிக்க வேண்டும். புறப்படும்முன் அவர்கள் வீட்டிலேயே வசதி செய்து கொடுத்தார்கள். நடுவில் தேவைப்பட்டால் உள்ளே திரும்பி வந்துவிடலாம் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். நிழலும் இல்லை. முழுக்கைச் சட்டையும் கயிறு கட்டிய தொப்பியும் இல்லாமல் போகாதீர்கள். படகின் தரையில் மீன்நீரும் எண்ணெயும் கலந்து வழுக்கும். இரண்டாம் முறை அவர்கள் சாக்கு விரித்து வைத்தார்கள், அதை முதல் முறையே செய்திருக்கலாம். குடிநீர் நாமே கொண்டுபோக வேண்டும். கரை திரும்பியதும் படகுக்காரரின் அம்மா இரண்டு காலாவையும் செதில் நீக்கி வெட்டிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்தார். காலாவில் முள் குறைவு, பிள்ளைகளுக்குக் கொடுக்க அஞ்ச வேண்டாம். மாங்காய் போட்டு வைத்த குழம்பில் மகள் தன் மீனை அடையாளம் கண்டு தனியாக எடுத்துக்கொண்டாள்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை இதற்கு அழைத்துப் போக வேண்டாம். சொன்ன இடத்தில் உட்காரும் வயது வந்த பிறகும், முதல் பயணத்தை ஆற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பிள்ளையை அழைத்து வராதீர்கள் என்று அவரே சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், இவர்களைப் போன்ற சிறு படகுகளுக்கு இல்லை. இருந்தும் அவர் அப்படிச் சொன்னார். புறப்படும்முன் கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 ஆகிய இரண்டு எண்களையும் கைபேசியில் பதிந்து, அதை நீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

குழந்தை அளவு அங்கி இரண்டு வாங்கி வைப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். வாங்கினாரா என்று பங்குனியில் போகும்போது பார்ப்பேன், அதுவரை எங்களுடையதை எடுத்துப் போவோம். பங்குனி முதல் சனிக்கிழமைக்குக் கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை காற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.